வாளை உறையில் போட்டவர்கள் கோழைகளா?

நம் இளைஞர்களின் கைப்பேசியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது என்ன? பாலைவனத்தில் பாய்ந்து வரும் குதிரை. அதன் மேல் முகம் மூடிய வீரன். உயர்த்திய கையில் வாள். கடைகளில் மாட்டியிருக்கும் நாட்காட்டியிலும் அதே குதிரை, அதே வாள். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். காலித் பின் வலீத் (ரலி) என்பார் ஒருவர். ஸலாஹுத்தீன் அய்யூபி என்பார் இன்னொருவர். யாரோ ஓர் ஓவியன் கற்பனையில் தீட்டிய படம் அது. ஆனாலும் 'வீரன்' என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பது அந்தப் படம்தான்.

வீரத்தை நேசிப்பது குற்றமா? ஒருக்காலும் இல்லை. வீரனைப் போற்றாத சமுதாயம் உலகில் எதுவும் இல்லை. கோழைத்தனத்திலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். கேள்வி அதுவல்ல. யாரை நாம் வீரன் என்கிறோம்? வீரத்துக்கான இலக்கணத்தை நமக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? இதுதான் கேள்வி.

விடை தேட ஒரு சமூகத்தின் வரலாற்றைப் புரட்டுவோம். 'பிறவிப் போர்வீரர்கள்' என்று உலகமே முத்திரை குத்திய முஸ்லிம் சமூகம் அது. நாம் பட்டாணியர் என்று அழைக்கும் பஷ்தூன் மக்கள்.

தலைப்பாகைக்குத் தகுதியானவன் யார்?

பஷ்தூன்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பஷ்தூன்வாலி என்று அதற்குப் பெயர். அதன் முக்கியத் தூண்கள் மூன்று. மெல்மஸ்தியா என்னும் விருந்தோம்பல். நனவாத்தை என்னும் அடைக்கலம். வாசல் தேடி வந்துவிட்டால் பகைவனையும் காக்க வேண்டும். மூன்றாவது பதல், அதாவது பழிக்குப் பழி. வெளியுலகம் முதல் இரண்டையும் மறந்துவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. பாட்டன் காலத்தில் விழுந்த ஒரு கொலைக்குப் பேரன் பழி தீர்ப்பான் என்றும், துப்பாக்கி இல்லாத பட்டாணியன் பட்டாணியனே அல்ல என்றும் கதைகள் கட்டப்பட்டன.

அவர்களுடைய சொந்த இலக்கியம் என்ன சொல்கிறது? பஷ்தூ மொழியின் மாபெரும் கவிஞர் குஷால் கான் கட்டக் (1613-1689). கட்டக் குலத்தின் தலைவர். ஷாஜஹானின் படையில் பணியாற்றியவர். ஔரங்கசீப் காலத்தில் 1664-இல் கைது செய்யப்பட்டு, ரந்தம்போர் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். பின்னாளில் முகலாயப் படையோடு நேருக்கு நேர் மோதினார். ஒரு கையில் வாளும் மறு கையில் பேனாவும் பிடித்தவர் என்று அவர் மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அந்தச் சிறைவாச நாட்களில் அவர் எழுதிய நூல் 'தஸ்தார் நாமா'. தஸ்தார் என்றால் தலைப்பாகை. தலைப்பாகை கட்டுபவர் பலர். அதற்குத் தகுதியுள்ளவர் யார் என்று ஆராய்கிற நூல். தகுதிக்கு 20 திறமைகளையும் 20 குணங்களையும் அவர் வரிசைப்படுத்துகிறார். வில்வித்தை, குதிரையேற்றம், வேட்டை, நீச்சல் எல்லாம் திறமைகளின் பட்டியலில் உண்டு. ஆனால் தன்னை அறிதலும் கல்வியும் அதே பட்டியலில் இருக்கின்றன. எழுத்து, பிள்ளை வளர்ப்பு, விவசாயம் ஆகியவையும் இருக்கின்றன. வணிகப் பெருமக்களே, வணிகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! குணங்களின் பட்டியலைப் பார்த்தால் ஆலோசனை கலத்தல், வாய்மை, வெட்கம், மன்னிப்பு, நீதி என்று நீள்கிறது.

வாழ்நாளில் பாதியைக் குதிரை மேல் கழித்த ஒரு போர்த்தலைவர் சொன்ன இலக்கணம் இது. வில் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்குப் பார்க்கவும் தெரிய வேண்டும், பிறர் பிழை பொறுக்கவும் தெரிய வேண்டும் என்கிறார் அவர். நாட்காட்டிப் படத்தில் இதில் எது இருக்கிறது?

ஆங்கிலேயன் கொடுத்த பட்டம்

பழிவாங்கும் பட்டாணியன் என்ற படத்தை உலகமெங்கும் பரப்பியவன் ஆங்கிலேயன். 1857 புரட்சிக்குப் பிறகு அவன் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தான். இந்தியாவில் சில இனங்கள் 'வீர இனங்கள்', மற்றவை போருக்கு லாயக்கற்றவை என்றான். சீக்கியர், கூர்க்கர், பட்டாணியர், பஞ்சாப் முஸ்லிம்கள் வீரர்களாம்! 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பிறகு 1893 வரை இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு இந்தத் தத்துவத்தின் பெரிய பிரசாரகர். தென்னாட்டுச் சிப்பாய்களுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்பது அவர் தீர்ப்பு. எந்தச் சென்னைச் சிப்பாய்களின் தோள்மேல் ஏறி ஆங்கிலேயன் இந்த நாட்டைப் பிடித்தானோ, அவர்களையே படையிலிருந்து படிப்படியாகக் குறைத்தார்கள்.

சரி, வீர இனம் என்று பட்டம் பெற்றவர்களுக்காவது மரியாதை கிடைத்ததா? அதே பட்டாணியருக்கு 1901-இல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் என்ற கறுப்புச் சட்டத்தைக் கொடுத்தான். ஒருவன் குற்றம் செய்தால் அவன் குலத்துக்கே அபராதம், வீடுகளை இடிக்கலாம். ஆங்கிலேயன் போன பிறகும் பழங்குடிப் பகுதிகளில் இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. 2018-இல் அந்தப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைக்கப்பட்டபோதுதான் ஒழிந்தது.

இதிலுள்ள சூட்சுமத்தை எண்ணிப் பாருங்கள். 'நீ வீரன்' என்று தட்டிக் கொடுத்தால் அவன் படையில் சேர்ந்து நமக்காகச் சாவான். 'நீ காட்டுமிராண்டி' என்று சொல்லிவிட்டால் அவன் வீட்டை இடிக்க நமக்கு உரிமை கிடைக்கும். ஒரே படம், இரண்டு லாபம்! யோசிக்காத வீரனைப் போல் ஆட்சியாளனுக்குப் பிடித்தமானவன் வேறு யாரும் இல்லை.

கிப்ளிங் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கவிதைகளிலும் கதைகளிலும் எல்லைப்புறம் என்றால் குதிரையும் துப்பாக்கியும் சூழ்ச்சியும்தான். அதே காலத்தில், 1892-இல், வங்கத்தில் தாகூர் 'காபூலிவாலா' கதையை எழுதினார். அதிலும் ரஹ்மத் என்ற காபூல்காரன் கோபத்தில் ஒருவனைக் கத்தியால் குத்திச் சிறைக்குப் போகிறான். ஆனால் கதை அந்தக் கத்தியைப் பற்றியது அல்ல. ஊரில் விட்டுவந்த தன் மகளை, கல்கத்தாவில் ஒரு வங்காளச் சிறுமியின் முகத்தில் கண்டு ஏங்கும் ஒரு தெரு வியாபாரியைப் பற்றியது. பட்டாணியனுக்குள் ஒரு தகப்பன் இருப்பதைப் பார்க்க ஒரு கவிஞனின் கண் வேண்டியிருந்தது.

சீருடையை உதறிய இளைஞர்

பெஷாவருக்கு அருகே உத்மான்சாய் கிராமத்தில் 1890-இல் பிறந்தவர் கான் அப்துல் கஃபார் கான். நல்ல உயரம், வசதியான குடும்பம். ஆங்கிலேயனின் புகழ்பெற்ற 'கைட்ஸ்' படைப்பிரிவில் அதிகாரியாகச் சேரும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒரு பட்டாணிய இளைஞனுக்கு அன்று அதைவிடப் பெரிய கௌரவம் ஏது? ஆனால் ஒருநாள், படையில் அதிகாரியாக இருந்த தம் நண்பனை ஓர் ஆங்கிலேயன் ஏளனமாகப் பேசுவதையும், நண்பன் பதில் சொல்ல முடியாமல் நின்றதையும் அவர் கண்ணால் கண்டார். இடுப்பில் வாள் இருக்கிறது. வாயில் பதில் இல்லை! இதுவா வீரம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. சீருடை வேண்டாம் என்று முடிவு செய்தார்.

1910-இல் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அன்று அவருக்கு வயது 20. துரங்சாய் ஹாஜி என்று அழைக்கப்பட்ட பெரியவர் இந்தக் கல்விப் பணியில் துணை நின்றார். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 1915-இல் துரங்சாய் ஹாஜி ஆயுதம் ஏந்தி ஆங்கிலேயனோடு மோதினார். அவருடைய தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விளைவு என்ன? ஆட்சி அசையவில்லை. பாடுபட்டுத் திறந்த பள்ளிக்கூடங்கள் இழுத்து மூடப்பட்டன.

கஃபார் கான் மறுபடியும் தொடங்கினார். 1921-இல் புதிய பள்ளிக்கூடம். அதே ஆண்டில் 3 ஆண்டுச் சிறை. வெளியே வந்தவர் 1928-இல் 'பக்தூன்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1929-இல் குதாயீ கித்மத்கார், அதாவது 'இறைவனின் பணியாளர்கள்' என்ற இயக்கத்தை நிறுவினார்.

இந்த இயக்கத்தின் அமைப்பைக் கவனியுங்கள். தம் மக்களின் போர்க்குணத்தை அவர் ஒழிக்கவில்லை, திசை திருப்பினார். அணிவகுப்பு இருந்தது. முரசு இருந்தது. தளபதி, கர்னல், கேப்டன் என்று பதவிகள் இருந்தன. ஒன்றே ஒன்று இல்லை: ஆயுதம். வெள்ளை உடை சீக்கிரம் அழுக்கானதால், தோல் பதனிடும் இடத்தில் கிடைத்த செங்கல் நிறச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். 'செஞ்சட்டைக்காரர்' என்ற பெயர் அப்படி வந்தது. சேருபவர் இறைவன் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். வன்முறையிலும் பழிவாங்கலிலும் இறங்க மாட்டேன், கொடுமை செய்தவனை மன்னிப்பேன், குடும்பப் பகைகளை விட்டொழிப்பேன், எளிமையாக வாழ்வேன், நாள்தோறும் குறைந்தது 2 மணி நேரம் பொதுப்பணி செய்வேன் என்பதே அந்தச் சத்தியத்தின் சாரம்.

பழிக்குப் பழி வாங்காதவன் ஆண்மகனே அல்ல என்ற நாட்டில், பழி வாங்க மாட்டேன் என்று ஊர் நடுவே நின்று சத்தியம் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தெருக் கூட்டினார்கள். நூல் நூற்றார்கள். பகைத்து நின்ற குடும்பங்களைச் சேர்த்து வைத்தார்கள். நிலம் வைத்திருந்தவனும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

கிஸ்ஸா குவானி பஜார்

1930 ஏப்ரல் 23. கஃபார் கான் கைது செய்யப்பட்டார். பெஷாவரில் தலைவர்கள் பிடிக்கப்பட்ட செய்தி பரவி, கிஸ்ஸா குவானி பஜாரில் மக்கள் திரண்டனர். கதை சொல்வோர் பஜார் என்பது அதன் பொருள். பல நாட்டு வணிகர்கள் ஒட்டகங்களை நிறுத்திவிட்டுக் கதை பேசிய தெரு அது. கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. மனிதர்கள் சக்கரத்தில் நசுங்கினர். ஆத்திரத்தில் ஒரு வண்டி கொளுத்தப்பட்டது. பிறகு துப்பாக்கிகள் முழங்கின. ஆயுதமற்ற மக்கள் சிதறி ஓடாமல், விழுந்தவர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீண்டும் வந்து நின்றார்கள். இறந்தோர் சுமார் 30 என்றது அரசு. காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 125 என்றது. அந்த அறிக்கையை அரசு தடை செய்தது.

அன்று இன்னொரு வீரமும் வெளிப்பட்டது. ராயல் கட்வால் ரைபிள்ஸ் படையின் இரண்டு பிரிவினர், நிராயுதபாணிகள் மீது சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். சுட மறுத்தவர்கள் இந்துக்கள். எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். முன்னின்ற சந்திர சிங் கட்வாலிக்கு இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மற்றவர்களுக்கும் நீண்ட சிறை. சட்டை திறந்து நின்றவன் வீரனா, சுட மறுத்தவன் வீரனா என்று கேட்டால் இருவரும் வீரர்கள் என்போம். சுட்டவனை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க நம் மனம் ஒப்பவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது? இயக்கம் அழியவில்லை. சில மாதங்களில் பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். துப்பாக்கி ஏந்திய பட்டாணியனை அடக்க ஆங்கிலேயனுக்கு வழி தெரியும். அதைவிடப் பெரிய துப்பாக்கி போதும். துப்பாக்கியைக் கீழே வைத்த பட்டாணியனை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழும் கேள்விகள்

பயானுக்குச் செல்லும் ஊர்களில் இதைச் சொன்னால் இளைஞர்கள் உடனே எழுந்து கேட்கிறார்கள். "ஹஜ்ரத், இதெல்லாம் காந்தி சொல்லிக் கொடுத்ததுதானே? இஸ்லாத்தில் பத்ர் இல்லையா?"

நியாயமான கேள்வி. கஃபார் கான் பள்ளிக்கூடம் தொடங்கிய 1910-இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். பிற்காலத்தில் இருவரும் நெருங்கினார்கள், உண்மை. ஆனால் பொறுமை என்ற இந்த ஆயுதம் நபிகள் நாயகத்தின் ஆயுதம், நாம்தான் அதை மறந்துவிட்டோம் என்பதே கஃபார் கான் தம் மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. பத்ர் இருக்கிறது; மறுக்கவில்லை. பத்ருக்கு முன்னால் மக்காவின் 13 ஆண்டுகள் இருக்கின்றன. தாயிஃபில் கல்லடி பட்டுக் காலில் இரத்தம் வழிந்தபோது, அந்த ஊரை அழிக்கட்டுமா என்று வானவர் கேட்டும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் பதில் இருக்கிறது. மக்கா வெற்றி நாளில், பழிவாங்க எல்லா வலிமையும் கையில் இருந்தபோது, பொது மன்னிப்பு இருக்கிறது. மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துபவன் பலசாலி அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தீமையை நன்மையால் தடுத்தால் பகைவனும் உற்ற நண்பனாவான் என்று குர்ஆன் (41:34) கற்றுத் தருகிறது.

சுவரில் மாட்டிய அந்த வீரர்களையே எடுத்துக்கொள்வோம். காலித் (ரலி) அவர்களின் வாளைப் பேசுகிறோம். கலீஃபா உமர் (ரலி) தளபதிப் பதவியிலிருந்து நீக்கியபோது, முகம் சுளிக்காமல் அபூஉபைதா (ரலி) அவர்களின் கீழ் போரிட்டார்களே, அதைப் பேசுகிறோமா? ஒரு ஜமாஅத் தேர்தலில் செயலாளர் பதவி போனால் தனிப் பள்ளிவாசல் கட்டக் கிளம்பும் நாம் அதைப் பேச வேண்டாமா? ஸலாஹுத்தீன் 1187-இல் ஜெருசலேத்தை மீட்டதைப் பேசுகிறோம். 1099-இல் அதே நகரில் சிலுவைப் படையினர் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்திருந்தும், அவர் பழிக்குப் பழி வாங்காமல் மக்களை மீட்புப் பணத்துக்கு விடுவித்ததையும், கொடுக்க வழியற்ற பலரைச் சும்மா விட்டதையும் பேசுகிறோமா?

"அவர் காங்கிரஸ்காரர் ஆயிற்றே" என்பார் சில பெரியவர்கள். 1931-இல் அவர் இயக்கம் காங்கிரஸோடு இணைந்தது உண்மை. அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மனிதரின் கட்சியை ஏற்காதவனும் அவருடைய ஒழுக்கத்திலிருந்து பாடம் படிக்கலாம்.

இன்னொரு கேள்வி கடினமானது. "கடைசியில் அவர் வென்றாரா?" வெற்றிப் பட்டியல் போட்டால் அவர் கணக்கில் அதிகம் வராது. 1947-இல் நாடு பிரிந்தது. அந்தக் கலவர ஆண்டில், வெறுங்கையோடு நிற்க முடியாது என்று சொல்லி அவருடைய மகன் கனி கானே ஆயுதம் ஏந்திய இளைஞர் அணி ஒன்றை அமைத்தார். 1948 ஆகஸ்ட் 12-இல் சார்சத்தாவின் பாப்ராவில், செஞ்சட்டைக்காரர் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இம்முறை சுட்டது பாகிஸ்தானின் மாகாண அரசு. ஆங்கிலேயன் காலத்திலும் பாகிஸ்தான் காலத்திலுமாக அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் சிறையில் கழித்தார். இந்தியா 1987-இல் பாரத ரத்னா வழங்கியது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்த விருது அது. 1988 ஜனவரி 20-இல் அவர் இறந்தபோது, ஆப்கானிஸ்தானில் நடந்துகொண்டிருந்த போரே நின்று, ஜனாஸா ஜலாலாபாத் செல்ல வழிவிட்டது. அங்கும் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டார்கள். ஆயினும் 1990-களில் முகுலிகா பானர்ஜி என்ற ஆய்வாளர் எல்லைப்புறம் சென்று, எஞ்சியிருந்த முதிய செஞ்சட்டைக்காரர்களைத் தேடிச் சந்தித்தார். பாதி நூற்றாண்டு கழிந்தும் அந்தச் சத்தியத்தைப் பெருமையோடு நினைவுகூரும் மனிதர்கள் அங்கே இருந்தார்கள். அதைத் தோல்வி என்று யார் சொல்வது?

சினிமா திருடிய பெயர்

1992-இல் 'குதா கவா' என்ற இந்திப் படம் வந்தது. அமிதாப் பச்சன் ஆப்கான் வீரனாக நடித்தார். பாத்திரத்தின் பெயர் பாத்ஷா கான்! கஃபார் கானை அவர் மக்கள் அன்போடு அழைத்த அதே பெயர். படத்தில் பாத்ஷா கான் என்ன செய்கிறான்? காதலியின் தந்தையைக் கொன்றவனின் தலையைக் கொண்டுவர இந்தியாவுக்குக் கிளம்புகிறான். பழிவாங்க மாட்டேன் என்று ஒரு சமூகத்தையே சத்தியம் செய்ய வைத்தவரின் பெயர், பழிவாங்கப் புறப்பட்ட ஒருவனின் தலையில் சூட்டப்பட்டது. கோடிப்பேர் அந்தப் பாத்ஷா கானைத்தான் பார்த்தார்கள். உண்மையான பாத்ஷா கானைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

சினிமாக்காரனுக்கு வசூல் வேண்டும். ஆட்சியாளனுக்குச் சாகத் தயாரான சிப்பாய் வேண்டும். இல்லையென்றால் சுட்டிக்காட்ட ஒரு காட்டுமிராண்டி வேண்டும். நம்மை வெறுப்பவனுக்கோ, முஸ்லிம் என்றால் வாள் என்று காட்ட ஒரு படம் வேண்டும். நாமே அந்தப் படத்தை விரும்பி எடுத்து நம் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டுமா?

பதல் எல்லைப்புறத்தில் மட்டும் இல்லை. நம் கடைவீதியிலும் இருக்கிறது. ஒரு சுவருக்காக 20 ஆண்டு வழக்காடும் அண்ணன் தம்பி நம் ஊரில் இல்லையா? கடைப் பங்கு பிரித்ததில் வந்த கசப்பால், பெருநாள் தொழுகையில் பக்கத்தில் நின்றும் முஸாஃபஹா செய்யாத மச்சான்மார் இல்லையா? வக்கீல் வீடு கட்டிவிட்டார். நம் கடை ஓலைக் கொட்டகையாகவே நிற்கிறது. முதலில் ஸலாம் சொல்பவன் தோற்றவன் என்று நினைக்கிறோம். அவனல்லவா வீரன்!

இளைஞனே, தெருமுனையில் ஒருவன் உன்னைச் சீண்டுகிறான். நீ கை ஓங்குகிறாய். நண்பர்கள் கைதட்டுகிறார்கள். மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் உன் பெயர் மட்டும் இருக்கும்; கைதட்டியவன் பெயர் இருக்காது. பாஸ்போர்ட் விசாரணை நின்றுபோகும். வளைகுடா வேலை கைநழுவும். உன் உம்மா காவல் நிலைய வாசலில் நிற்பார். உன்னைச் சீண்டியவன் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவன் விரித்த வலையில் விழுவதற்குப் பெயர் வீரமா? உரிமை பறிபோனால் வாய் மூடிக் கிடக்கச் சொல்லவில்லை. மனுக் கொடு. நீதிமன்றம் ஏறு. ஆயிரம் பேரோடு அமைதியாகச் சாலையில் நில். வாக்குச் சீட்டைப் பயன்படுத்து. அடி விழுந்தாலும் கை ஓங்காமல், இடம் பெயராமல் நிற்கப் பழகு. அதுதான் பெஷாவர் கற்றுத் தந்த பாடம்.

செஞ்சட்டைக்காரர் நாளுக்கு 2 மணி நேரம் கொடுத்தார்கள். நாம் வாரத்துக்கு 2 மணி நேரம் கொடுக்க முடியாதா? ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம். இரத்தம் கொடுக்கலாம். முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் கிழவிக்கு மனு எழுதித் தரலாம். அவள் எந்த மதத்தவள் என்று பார்க்க வேண்டாம். வட்டிக் கடனில் சிக்கிய ஒரு சிறு வியாபாரியை நான்கு வணிகர்கள் சேர்ந்து மீட்கலாம். நேர்மையும் நம்பகமும் உள்ள வணிகர் நபிமார்களோடும் உண்மையாளர்களோடும் ஷஹீத்களோடும் இருப்பார் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் திர்மிதியில் பதிவாகியுள்ளது. தராசைச் சரியாகப் பிடிப்பவனுக்கு ஷஹீத்களோடு இடம்! இதைவிடப் பெரிய வீரப்பட்டம் எங்கே கிடைக்கும்?

குதிரையும் வாளும் உள்ள படம் சுவரில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் குதிரையில் ஏறியிருப்பவன் தன் கோபத்தின் கடிவாளத்தையும் பிடிக்கத் தெரிந்தவன் என்பதை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அத்தகைய வீரர்களை நம் சமுதாயத்தில் அல்லாஹ் பெருகச் செய்வானாக. ஆமீன்.